கண்ணொப்பம்

செல்வக்கனிக்குப் படிக்கத் தெரியாது என்று இயந்திரம் இரண்டாவது தடவையும் சொல்லிவிட்டதாகக் கேட்டபோது சுகிர்தாவுக்குச் சிரிப்புதான் வந்தது. இயந்திரத்தின் மேல் கோபப்பட்ட காலமெல்லாம் அவளுக்கு எப்போதோ முடிந்துபோயிற்று. திருநெல்வேலி வட்டாரம் முழுவதற்கும் கண்ணொப்ப ஆய்வாளர் அவள் ஒருத்திதான். இயந்திரம் தடுமாறுகிற இடத்தில் அவள் சொல்வதுதான் முடிவு. அந்தத் தெம்பு அவள் நடையிலேயே தெரியும்.

“கொண்டாங்க டாக்டர், பாப்போம்,” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

டாக்டர் சிராஜுதீன் திரையை அவள் பக்கம் திருப்பினார். சிறுநீரக மாற்றுப் பிரிவின் பொறுப்புக்கு அவர் வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அறுவைக் கத்தியைப் பிடித்தால் கை நடுங்காத மனுஷன், இந்தக் கண்ணொப்பம் என்றால் மட்டும் வியர்த்துக்கொட்டுவார்.

“அண்ணனுக்குத் தங்கச்சி கிட்னி குடுக்குது, மேடம். வெள்ளத்துரைன்னு பேஷண்ட். டயாலிசிஸ் போட்டுப் போட்டு கையில நரம்பே இல்ல, கழுத்துல குழாய் போட்டு ஓட்டிக்கிட்டிருக்கோம். அதுவும் ரொம்ப நாள் தாங்காது. எல்லா டெஸ்டும் முடிஞ்சாச்சு. இந்தப் பச்சை லைட்டு ஒண்ணு எரிஞ்சா தியேட்டருக்குக் கொண்டுபோயிரலாம். மூணாவது தடவையும் எரியலன்னா கேஸ் சென்னை போர்டுக்குப் போயிரும். அங்கருந்து திரும்பி வரும்போது பேஷண்ட் இருக்க மாட்டாரு.”

கையொப்பம் போய்க் கண்ணொப்பம் வந்த கதை ஊருக்கே தெரிந்ததுதான். ஒரு காலத்தில் ஜனங்கள் எதையும் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். கடன் செயலி நீட்டினால் ஒரு தட்டு, வீட்டுப் பத்திரம் நீட்டினால் ஒரு கிறுக்கு. அப்புறம், ‘ஐயோ, அதில் அப்படியா இருந்தது’ என்று தலையில் கை வைத்துக்கொண்டு கோர்ட்டு வாசலில் நிற்பார்கள். அதற்காகத்தான் சட்டம் வந்தது. பத்திரத்தைத் திரையில் காட்டுவார்கள். திரைக்கு மேலே பொட்டளவில் ஒரு கேமரா உங்கள் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும். வரி வரியாகப் படித்தீர்கள், படித்தது மண்டையில் ஏறியது என்று கண் காட்டிக்கொடுத்தால் பச்சை விளக்கு எரியும். வாயால் ஆயிரம் சொல்லலாம், சட்டத்துக்குக் கண் சொல்ல வேண்டும்.

“ஒரு சந்தேகம் மேடம்,” என்றார் சிராஜுதீன். “கண்ணு சும்மா வரிமேல ஓடுது. அத வச்சி புரிஞ்சுதா புரியலையான்னு எப்படிச் சொல்லுது இந்த மெஷின்?”

“ஓடாது டாக்டர். ஓடுற மாதிரி நமக்குத் தோணும். நெசத்துல தவளை மாதிரி தத்தித் தத்தித்தான் போகும். உக்காருற எடத்துலதான் படிக்கும், தாவுற நேரத்துல குருடு. எங்க உக்காந்துது, எவ்வளவு நேரம் உக்காந்துது, எங்க திரும்பிப் போச்சு, இதப் பாத்தாப் போதும். லேசான வார்த்தைய மிதிக்காமலே தாண்டிடும். புரியாத எடத்துல நின்னு நின்னு போகும்.”

“எல்லாப் பாஷைக்கும் இதே கதைதானா?”

“அதுலதான இருக்கு வம்பு. இங்கிலீஷ்ல வார்த்தை சின்னது, பாதிய கண்ணு தொடாமலே போயிரும். நம்ம வார்த்தை நீளம். ஒட்டி ஒட்டி ஒரே வார்த்தை வரியில பாதிய அடைச்சுக்கிடும், ரெண்டு தடவ உக்காந்தாத்தான் ஆகும். சீன எழுத்து அடர்த்தி, அங்க சின்னச் சின்னத் தாவலா இருக்கும். நீங்க குர்ஆன் ஓதும்போது கண்ணு வலதுலருந்து இடது போகும், இடது பக்கம் வரப்போறத முன்னாலயே கொஞ்சம் நோட்டம் விட்டுக்கிடும். தமிழ் பேப்பர் படிக்கும்போது அதே கண்ணு வலது பக்கம் நோட்டம் விடும். ஒரே ஆளு, ரெண்டு நடை.”

சிராஜுதீன் தன் கண்ணையே முதல் தடவையாகச் சந்தேகத்தோடு தேய்த்துக்கொண்டார்.

சுகிர்தா சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. இயந்திரத்தைச் செய்த வெளிநாட்டுக் கம்பெனி அதை இங்கிலீஷ் படிக்கிறவர்களின் கண்ணை வைத்துத்தான் பழக்கியிருந்தது. சட்டம் வந்த புதிதில் தமிழ் படிக்கிறவர்களைப் பூராவும் அது ‘படிக்கத் தெரியாதவர்’ என்று தள்ளியது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தன் வீட்டைத் தன் மகள் பேருக்கு எழுதப் போய், கட்டைவிரலை மையில் தோய்த்துவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து மூன்று நாள் யாரோடும் பேசவில்லையாம். சுகிர்தா அன்றைக்குச் சாதாரண ஆராய்ச்சி மாணவி. தமிழ் படிக்கிற கண் எப்படிப் போகும் என்று ஆயிரக்கணக்கான பேரை உட்கார வைத்துப் பதிவு செய்து, கம்பெனியோடும் அரசாங்கத்தோடும் வருஷக்கணக்காக மல்லுக்கட்டி, இயந்திரத்தில் ‘மொழித் திருத்தம்’ என்று ஒன்றைச் சேர்க்க வைத்தாள். அதைப் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் அதிகாரமும் ஆய்வாளருக்குத்தான். அவள் அதைப் போடாமல் விட்டதாகச் சரித்திரமே இல்லை.

செல்வக்கனியின் கண் நடந்த தடம் திரையில் வந்தது. பத்திரத்தின் மேல் புள்ளி புள்ளியாக, நெல் இறைத்ததுபோலக் கிடந்தது. சுகிர்தா இரண்டு நிமிஷம் பார்த்தாள்.

“எந்த மடையன் இத படிக்கத் தெரியாத கண்ணுன்னு சொன்னான்? எழுத்துக்கு எழுத்து உக்காருது, சரி. ஆனா ஒரு எடத்துலயாவது தடுமாறுதா பாருங்க. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவங்க கண்ணு முன்னயும் பின்னயும் அல்லாடும். இது மெதுவா, அளந்து வச்சாப்ல, ஒற்றெழுத்தக்கூட விடாம நடக்குது. டாக்டர், இந்தம்மா புரூஃப் பாக்குறவங்க. எழுதி வச்சிக்கிடுங்க.”

சிராஜுதீன் விவரங்களைப் புரட்டினார். “பாளையங்கோட்டையில அச்சகம். கல்யாணப் பத்திரிகை அடிக்கிறாங்க.”

“ம். மெஷினுக்கு எங்க தெரியப் போகுது.”

அவள் மொழித் திருத்தத்தைப் போட்டாள், பிழை பார்க்கிறவர்களுக்கான கணக்கையும் சேர்த்துத் தட்டினாள். படித்த வரிகள் ஒவ்வொன்றாக நீலமாகிக்கொண்டே வந்தன. ரத்தக்கசிவு வரலாம் என்ற வரி நீலம். மயக்க மருந்து ஆபத்து, நீலம். இருக்கிற ஒரு சிறுநீரகமும் பின்னாளில் பழுதாகலாம் என்ற பயங்கரமான வரிகூட அழகாக நீலமானது. சுகிர்தா பெருமையோடு டாக்டரைப் பார்த்தாள். அப்புறம் திரையைப் பார்த்தாள். கடைசிப் பத்தியில் ஒரே ஒரு வரி மட்டும் வெள்ளையாக நின்றது.

‘இவர்மீது கொண்டுள்ள அன்பின் காரணமாக, எவருடைய வற்புறுத்தலும் இன்றி இதைத் தருகிறேன்.’

முதல் தடவைத் தடத்தை எடுத்துப் போட்டாள். அதிலும் அந்த வரி வெள்ளை. கண் அதற்கு மேல் வரியின் கடைசி எழுத்து வரைக்கும் வந்து, அங்கிருந்து ஒரே தாவலில் இந்த வரியைத் தாண்டி இதற்குக் கீழ் வரிக்குப் போயிருந்தது. ஒற்றெழுத்தைக்கூட விடாத கண் ஒரு முழு வரியை விட்டிருந்தது.

சுகிர்தாவின் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது. “டாக்டர், வீட்டுல யாரு வந்திருக்காங்க?”

“பேஷண்டோட சம்சாரம்தான் எப்பவும் கூடவே இருக்காங்க. தங்கச்சிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்ததும் அவங்கதான். ஏன் மேடம்?”

“இந்தம்மாவுக்குக் குடுக்க இஷ்டமில்ல. வாயால சொல்ல முடியாம இருக்காங்க. கண்ணு சொல்லிட்டு. நான் அவங்கள தனியாப் பாக்கணும்.”

செல்வக்கனி உள்ளே வந்தபோது சுகிர்தா எழுந்து கதவைத் தானே சாத்தினாள். செல்வக்கனிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். வாட்டசாட்டமான உடம்பு, இஸ்திரி போட்ட பருத்திச் சேலை, கழுத்தில் தொங்குகிற கண்ணாடி. உட்காருவதற்கு முன்னால் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

“அந்தச் சுவத்துல ஒரு ‘க்’ விட்டுப்போச்சு மேடம்,” என்றாள்.

“மாத்தச் சொல்லுதேன்,” என்றாள் சுகிர்தா. பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். “அக்கா, நான் சொல்றத நிதானமாக் கேளுங்க. இந்த ரூம்ல பேசுறது வெளிய போகாது. உங்களுக்குக் குடுக்க இஷ்டமில்லன்னா, நாங்க ரத்தம் சேரலன்னு சொல்லிருவோம். உங்க மதினிக்கோ அண்ணனுக்கோ ஒரு நாளும் தெரியாது. உங்க பேருக்கு ஒரு சொல் வராது. அதுக்கு எங்களுக்கு வழி இருக்கு.”

இப்படிச் சொன்னால் பெண்கள் உடைந்து அழுவார்கள். சுகிர்தா அதைப் பலமுறை பார்த்திருக்கிறாள். அழுது முடித்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ‘சாமி மாதிரி வந்தீங்க’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். மேஜை மேல் காகிதக் கைக்குட்டைப் பெட்டியைக்கூட அவள் பக்கத்தில் நகர்த்தி வைத்திருந்தாள்.

செல்வக்கனி அழவில்லை. முகம் சிவந்துபோயிற்று.

“நான் எப்ப மேடம் இஷ்டமில்லன்னு சொன்னேன்?”

“நீங்க சொல்லல. உங்க கண்ணு அந்த ஒரு வரியப் படிக்கவே இல்ல. ரெண்டு தடவையும்.”

திரையில் வெள்ளையாக நின்ற வரியைச் சுகிர்தா காட்டினாள். செல்வக்கனி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். தன் கண் நடந்த தடத்தை இன்னொருத்தியின் மேஜையில் பார்க்கிறபோது யாருக்குமே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“என்னய யாரும் கட்டாயப்படுத்தல. மதினி பாவம், அவ எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. எங்கண்ணன் சீரியஸா கெடக்கான்னு மட்டும்தான் போன்ல சொன்னா. எனக்கு டெஸ்ட் எடுங்கன்னு நானாத்தான் சொன்னேன். அதுக்கப்புறம்தான் அவ என்னய இங்க கூட்டிட்டு வந்தா.”

“பின்ன ஏன்க்கா?”

“வரிய முழுசாப் படிங்க. ‘அன்பின் காரணமாக’ன்னு போட்டிருக்கு.” செல்வக்கனி கண்ணாடியைக் கழற்றினாள். “எனக்கு அவன்மேல அன்பு கெடையாது.”

சுகிர்தா இதை எதிர்பார்க்கவில்லை. “சொந்த அண்ணன்தானே?” என்றாள். கேட்ட உடனே அது எவ்வளவு அசட்டுக் கேள்வி என்று அவளுக்கே உறைத்தது.

“சொந்த அண்ணன்தான். பத்தாவதோட பொம்பளப் பிள்ளைக்குப் படிப்பு போதும்னு என்னய நிறுத்துனவன். நான் தபால்ல படிச்சு பி.ஏ. வாங்கினேன். அதுகூடப் போகட்டும். நான் விரும்புன ஆளக் கட்டிக்கிட்டேன், வேற சாதி. இருபது வருஷமாச்சு, அன்னையிலருந்து பேச்சு கெடையாது. சரி, அதுவும் போகட்டும். போன வருஷம் அவன் மகளுக்குக் கல்யாணம். இந்தப் பாளையங்கோட்டையில கல்யாணப் பத்திரிகைன்னா நான்தான் மேடம். பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமா, அத்தைன்னு ஊரான் வீட்டு உறவெல்லாம் பேரு விட்டுப்போகாம பாத்துப் பாத்து அடிச்சுக் குடுக்கேன். யார் பேராவது விட்டுப்போச்சுன்னா அந்தக் குடும்பமே வெட்டிக்கிட்டு நிக்கும், எனக்குத் தெரியும்லா. எங்கண்ணன் வேற அச்சகத்துல பத்திரிகை அடிச்சான். ஒரு கஸ்டமர் மாடலுக்குன்னு அதையே எங்கிட்டக் கொண்டுவந்து நீட்டுதாரு. சித்தி, பெரியம்மா பேரு போட்ட எடத்துல மதினியோட தங்கச்சி பேரு இருக்கு, அவளுக்கு ஒண்ணுவிட்ட அக்கா பேருகூட இருக்கு. அத்தைன்னு என் பேரு இல்ல. நான் அதையும் புரூஃப் பாத்தேன் மேடம். வேற ஒரு பிழை கெடையாது. சுத்தமா அடிச்சிருந்தான்.”

அவள் குரல் உயரவே இல்லை. சுகிர்தா காகிதப் பெட்டியைச் சத்தமில்லாமல் திரும்ப இழுத்து வைத்துக்கொண்டாள்.

“அப்புறம் எதுக்குக்கா குடுக்கீங்க?”

செல்வக்கனி ஜன்னல் பக்கம் திரும்பி யோசித்தாள். “மதினிக்கு ரத்தம் சேரல. மகளுக்கு இப்பவே சக்கரை. என்னோடது மட்டும்தான் சேருது. நான் குடுக்கலன்னா அவன் போயிருவான். அவன் போயிட்டா நான் யார்ட்டப் போயி கோவமா இருப்பேன்?”

அவளுக்கே அதைச் சொன்னதும் சிரிப்பு வந்தது. சுகிர்தாவுக்கும் வந்தது. இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தார்கள்.

“பிடிக்காதவனுக்குக் குடுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கா மேடம்?”

“இருக்கு,” என்றாள் சுகிர்தா. “அன்பு இல்லன்னா காசுக்குக் குடுக்கிறதா அர்த்தமாயிரும். கிட்னி யாவாரம் நடக்கக் கூடாதுன்னுதான் அந்த வரியப் போட்டாங்க. போட்டவங்க நல்ல மனசோடதான் போட்டாங்க.”

“அப்ப நான் எப்படியாவது அந்த வரியப் படிச்சிருதேன். ஒரு வரிதான.”

பழகிப் பார்ப்பதற்கென்று இயந்திரத்தில் ஒரு வழி உண்டு, கணக்கில் ஏறாது. சுகிர்தா அதைத் திறந்து கொடுத்தாள். செல்வக்கனி நிமிர்ந்து உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வரியைப் பார்த்தாள். கண் வந்தது, முதல் எழுத்தில் இறங்கியது, வரி நெடுக இழுத்துக்கொண்டு போனது. திரையில், ‘பார்த்தார், படிக்கவில்லை’ என்று வந்தது. இன்னொரு தடவை பார்த்தாள். இன்னொரு தடவையும் பார்த்தாள். வேண்டுமென்றே கண்ணைச் செலுத்துகிற நடை வேறு, படிக்கிற நடை வேறு. அதைப் பிரித்துக் காட்டுகிற நுட்பம் இயந்திரத்தில் இருந்தது. அதைத் தமிழுக்குச் சரிசெய்து கொடுத்தவளே சுகிர்தாதான். நெற்றியில் வியர்வை வழியச் செல்வக்கனி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“வாயி சரின்னு சொல்லுது. இந்த எழவெடுத்த கண்ணு கேக்க மாட்டேங்குது மேடம். இருபது வருஷமா இதுக்குச் சொல்லிக் குடுத்ததே அதுதான. தப்பா இருந்தா சரின்னு விடாதன்னு.”

சுகிர்தாவுக்கு அப்போதுதான் உண்மையாகவே வலித்தது. கண் பொய் சொல்லாது என்று மேடை மேடையாகப் பேசியவள் அவள். இந்தக் கண்ணும் பொய் சொல்லவில்லை. இயந்திரமும் ஒரு எழுத்து தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் இரண்டும் சேர்ந்து, மனதோடு மல்லுக்கட்டி ஒரு முடிவுக்கு வந்து நிற்கிற ஒரு பெண்பிள்ளையைப் பார்த்து, ‘உனக்கு இஷ்டமில்லை, வீட்டுக்குப் போ’ என்று சொல்லிக்கொண்டிருந்தன. வாய் திறந்து சரி என்று சொன்ன பிறகு, உள்ளே என்ன கிடக்கிறது என்று கண்ணிடம் போய் விசாரிக்கும் உரிமையை யார் கொடுத்தது? யோசித்துப் பார்த்தால், அதில் பாதியைக் கொடுத்தது அவள்தான்.

நாற்காலியில் சாய்ந்தாள். ஒரு வழி தெரிந்தது. தெரிந்த உடனே அது தன்னை விட்டுவிட்டு வேறு யாருக்காவது தெரிந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

“ஒரு வழி இருக்குக்கா. உங்களுக்குப் பிடிக்காது. எனக்கும் பிடிக்கல.”

“சொல்லுங்க.”

“படிக்கத் தெரியாதவங்களுக்குக் கண்ணொப்பம் கெடையாது. டாக்டர் வாசிச்சுக் காட்டுவாரு, கேட்டுட்டு சரின்னு சொன்னாப் போதும். காதுக்கு மெஷின் இல்ல. அப்புறம் கைநாட்டு. நான் போட்ட திருத்தத்த எடுத்துட்டா, மெஷின் கணக்குப்படி நீங்க படிக்கத் தெரியாதவங்க. நான் ‘ஆமா’ன்னு எழுதினா முடிஞ்சுது.”

செல்வக்கனி அவளை வெறித்துப் பார்த்தாள். “கைநாட்டா? நானா?”

“அதோட போகாது. உங்க பேருக்கு நேர அது ஏறிரும். நாளைக்கு பேங்க், பத்திரம், கரண்டு கனெக்சன், எங்க போனாலும் ஒரு ஆளு உக்காந்து உங்களுக்கு வாசிச்சுக் காட்டுவான். நீங்க கைய நீட்டணும். திரும்ப மாத்தணும்னா வருஷக்கணக்கா அலையணும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இப்பவும் வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லலாம். ரத்தம் சேரலன்னு நான் சொன்னது அப்படியேதான் இருக்கு.”

செல்வக்கனி எழுந்துபோய்ச் சுவரில் இருந்த அறிவிப்புக்கு முன்னால் நின்றாள். அவள் அதைப் படிக்கிறாளா, சும்மா நிற்கிறாளா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. சுகிர்தாவும் தெரிந்துகொள்ள முயலவில்லை.

“எங்கண்ணனுக்கு நல்லாத் தெரியும், எனக்குப் படிப்புன்னா உசிருன்னு,” என்றாள் செல்வக்கனி, திரும்பாமலே. “அத நிறுத்துனப்ப மூணு நாளு சோறு திங்காம கெடந்தேன். இப்ப அவனுக்காகவே அதையும் விடணும். ரொம்ப நல்லாயிருக்கு, போங்க.” அப்புறம் வந்து உட்கார்ந்தாள். “டாக்டரக் கூப்பிடுங்க மேடம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது.”

சிராஜுதீன் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சுகிர்தாவை வெளியே வராந்தாவுக்கு அழைத்தார்.

“இது பொய்யில்லையா மேடம்?”

“மெஷின் ரெண்டு தடவ சொன்னத நான் ஒத்துக்கிடுதேன். அதுல பொய் எங்க இருக்கு?”

“அந்தத் திருத்தத்துக்காக நீங்க எவ்வளவு பாடுபட்டீங்கன்னு எனக்குத் தெரியும். வருஷ முடிவுல உங்க கேஸையெல்லாம் எடுத்துச் சோதிப்பாங்க. இதப் பாத்தா சுகிர்தாவே தப்பு விட்டுட்டாங்கன்னு சொல்லுவாங்க. கம்பெனிக்காரன் அதப் பிடிச்சுக்கிட்டு ஆடுவான்.”

“ஆடட்டும். நான் இருக்கேன்ல, அவனோட மறுபடியும் மல்லுக்கட்ட.” சொல்லும்போது அவள் குரல் தெளிவாகத்தான் இருந்தது. “எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்தம்மா சுயபுத்தியோட, யாரும் மிரட்டாம, தானா முடிவெடுத்துத்தான் குடுக்கிறாங்கன்னு உங்களுக்கு நம்பிக்கை இருக்கா?”

“இருக்கு. ஆரம்பத்துலருந்தே இருக்கு.”

“எனக்கும் இருக்கு. பின்ன என்ன, வாங்க.”

உள்ளே போய்த் திருத்தத்தை எடுத்துவிட்டாள். நீலமெல்லாம் வடிந்து, பக்கம் முழுக்க வெள்ளையாயிற்று. கேள்வி வந்தது: ‘படிக்கத் தெரியாதவர் என்பதை ஆய்வாளர் உறுதி செய்கிறாரா?’ தமிழ் படிக்கிற ஒருவரைப் பற்றி இந்தக் கேள்விக்கு அவள் ஒரு தடவைகூட ஆமாம் என்று சொன்னதில்லை. அந்தத் தலைமையாசிரியரின் முகம் ஒரு கணம் வந்து போனது. ஆமாம் என்று தட்டினாள்.

சிராஜுதீன் வாசித்தார். நல்ல கணீர்க் குரல் அவருக்கு. ரத்தக்கசிவு, மயக்க மருந்து, பின்னாளைய ஆபத்து என்று ஒவ்வொன்றாக வாசித்து நிறுத்தினார். செல்வக்கனி ஒவ்வொன்றுக்கும் “சரி” என்றாள். ஒரு இடத்தில் அவர் ஒரு சொல்லை விழுங்கிவிட்டார், அவள் பழக்கதோஷத்தில் திருத்தப்போய், நாக்கைக் கடித்துக்கொண்டு அடக்கிக்கொண்டாள். கடைசிப் பத்தி வந்தது. அவர் அந்த வரியை அவசரப்படாமல், மற்ற வரிகளைப் போலவே வாசித்தார். செல்வக்கனி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள்.

“உம்,” என்றாள்.

சட்டத்துக்கு அது போதும். மைப்பெட்டி எங்கேயோ அலமாரிக்கடியில் கிடந்தது, தேடி எடுத்துத் துடைத்துக் கொண்டுவந்தார்கள். கட்டைவிரலை எவ்வளவு அழுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. முதலில் பதிந்தது அப்பிக்கொண்டது, இரண்டாவது தெளிவாக விழுந்தது. விரலைத் துடைக்கக் காகிதம் கேட்டாள். சுகிர்தா பெட்டியை நீட்டினாள். செல்வக்கனி விரலைத் துடைத்த பிறகு இன்னும் ஒன்றை உருவி முகத்தையும் துடைத்துக்கொண்டாள்.

வாங்குகிறவருக்கும் ஒரு பத்திரம் உண்டு. சாயங்காலம் சுகிர்தாவே திரையைத் தூக்கிக்கொண்டு வெள்ளத்துரையின் வார்டுக்குப் போனாள். கழுத்தில் குழாயோடு ஊதிப்போன முகமாக ஆள் சாய்ந்து கிடந்தார். ஒரு காலத்தில் அதட்டலான மனுஷனாக இருந்திருக்க வேண்டும், கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்திருந்த கை மட்டும் அதைச் சொன்னது. பக்கத்தில் மதினிக்காரி தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். சுகிர்தா திரையை முகத்துக்கு நேரே பிடித்ததும் படிக்க ஆரம்பித்தார். ரொம்ப நேரம் எடுத்தது. உடம்புக்கு முடியாதவர், நேரம் ஆகும்தான் என்று சுகிர்தா பொறுமையாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். பச்சை விளக்கு எரிந்தது.

அறைக்குத் திரும்பி வந்து, வழக்கப்படி அவருடைய தடத்தையும் திறந்தாள். பச்சை எரிந்தாலும் ஒரு தடவை பார்த்துவிடுவது அவள் பழக்கம். எல்லா வரியும் நீலம். ஆனால் கடைசிப் பத்தியில் ஒரு வரியின் மேல் புள்ளிகள் ஒன்றின் மேல் ஒன்றாக அப்பி, எழுத்தே தெரியாமல் மொய்த்துக் கிடந்தன. அவர் கண் அந்த வரிக்குப் போயிருந்தது, தாண்டி அடுத்த வரிக்கு வந்திருந்தது, திரும்பிப் போயிருந்தது. பத்திரம் முடிகிற இடத்துக்கு வந்தும், அங்கிருந்து மறுபடியும் மேலே ஏறி அதே வரிக்குப் போயிருந்தது.

‘என் உடன்பிறந்தவர் என்மீது கொண்டுள்ள அன்பின் காரணமாக இதைத் தருகிறார் என்பதை அறிவேன்.’

சுகிர்தா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெட்கமா, நம்ப முடியாமையா, ஆசையா, எதற்காக அந்தக் கண் அங்கே அத்தனை தரம் போயிற்று? எங்கே போயிற்று என்று சொல்ல அவளுக்குத் தெரியும். ஏன் போயிற்று என்று சொல்ல உலகத்தில் எந்த ஆய்வாளராலும் முடியாது. இத்தனை வருஷத்தில் இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த தூரம் அவளுக்கு இவ்வளவு பெரிதாகத் தெரிந்ததில்லை. தடத்தை மூடினாள்.

மறுநாள் காலையில் செல்வக்கனியை அறுவைக்கு அழைத்துப்போகிற நேரத்தில் சுகிர்தா எட்டிப் பார்த்தாள். பச்சை அங்கி, தலையில் துணித் தொப்பி. கழுத்துக் கண்ணாடியை வாங்கி வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்காரர் கட்டிலோரம் நின்றார். கட்டைவிரலில் மை இன்னும் முழுசாகப் போகவில்லை.

“மேடம்,” என்று கையாட்டிக் கூப்பிட்டாள் செல்வக்கனி. “அவன் படிச்சானா?”

“படிச்சாரு. பச்சை எரிஞ்சிட்டு.”

“அவன் பத்திரத்துலயும் அந்த வரி இருக்காமே. டாக்டர் சொன்னாரு.”

“இருக்கு.”

செல்வக்கனி போர்வையின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். அப்புறம் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டாள்: “அதுல அவன் கண்ணு எப்படிப் போச்சு?”

ஒரு வார்த்தை போதும். இருபது வருஷச் சண்டை இந்தக் கட்டிலிலேயே முடிந்துவிடலாம். முடியாமலும் போகலாம், இன்னும் மோசமாகவும் ஆகலாம். சுகிர்தாவின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்த மனுஷன் தன் தங்கையிடம் அதைச் சொல்லவில்லை. திரையிடம்கூடச் சொல்லவில்லை, அவள்தான் திறந்து பார்த்தாள்.

“அதெல்லாம் நான் பாக்கலக்கா,” என்றாள்.

செல்வக்கனி அவள் முகத்தையே பார்த்தாள். ஒரு எழுத்து விட்டுப்போனாலும் கண்டுபிடிக்கிற கண். சுகிர்தாவின் கண்ணில் அது எதைப் படித்ததோ தெரியாது.

“நல்லது,” என்றாள் செல்வக்கனி. “அவன் எந்திரிச்சு வரட்டும். நானே கேட்டுக்கிடுதேன்.”